பெங்களூரில் பால் சுமந்த ஐந்து நாட்கள்

பிள்ளை பெற்ற மகளுக்குத் துணையாக அப்பன்காரன் போய் நிற்பது எங்கள் கோபிப் பக்கத்தில் வழக்கமில்லை. என் வீட்டுக்காரி சரஸ்வதி மாட்டுத் தொழுவத்தில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள். அந்த நேரம் பார்த்துப் பெங்களூரில் மகள் நித்யாவுக்கு எட்டாம் மாதத்திலேயே ரத்தக்கொதிப்பு ஏறி, அவசர அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. ஒரு கிலோ முன்னூறு கிராம். "ஏனுங், எனக்கு எந்திரிக்க முடிஞ்சா நான் போக மாட்டனா? நீங்க போயிட்டு வாங்க. புள்ள தனியாக் கெடக்குது" என்று சரஸ்வதி அழுதாள். இரண்டு வேட்டியையும் ஒரு துண்டையும் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பால் சங்கத்தில் முப்பத்தாறு வருஷம் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். காலையும் மாலையும் கேன் மூடியைத் திறந்ததும் மூக்கை நீட்டி மோந்து பார்ப்பேன். அப்புறம் லாக்டோமீட்டரை விட்டு டிகிரி பார்ப்பேன். "இது ஆகாது, எடுத்துட்டுப் போ" என்று சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேரைப் பகைத்துக்கொண்டேன். தண்ணீர் கலந்தவன், முந்தின நாள் பாலைக் கலந்தவன் எல்லாம் என் மூக்குக்குப் பயப்படுவான். பாலைப் பற்றி எனக்கு எவனும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்கிற திமிர் எனக்கு நிறையவே உண்டு.

மகளும் மருமகனும் பீன்யாவில் குடியிருக்கிறார்கள். மருமகன் பிரபு அங்கே மோட்டார் பாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். கன்னட நாட்டுக்கு வந்துவிட்டோமே, வாயைத் திறக்க முடியாதே என்று பயந்துகொண்டு போனால், தெருமுனை டீக்கடையில் நின்ற ஏழு பேரில் ஐந்து பேர் தருமபுரித் தமிழில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். மனசு லேசாகிவிட்டது. ஆனால் அங்கே இரண்டு பேர் வந்து "பை டூ" என்று சொல்ல, கடைக்காரர் ஒரே ஒரு காபியை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். எங்கள் ஊரில் சொம்பு நிறையக் காபி குடிப்போம். ஒரு காபியே இரண்டு வாய்க்குத்தான் வருகிறது, அதிலும் பாதியா? அடப் பாவமே என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் நித்யா கட்டிலில் கிடந்தாள். தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்துக் காய்ச்சல். ஒரு வாரம் படுக்கையை விட்டு அசையக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. குழந்தையோ நகரத்துக்கு நடுவில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள். மூக்கு வழியாக விட்ட குழாயில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் சொட்டுச் சொட்டாகப் பால் இறக்குகிறார்கள். தாய் இங்கே, பிள்ளை அங்கே. நடுவில் பாலைச் சுமந்துகொண்டிருந்தவர் பிரபு. அவருக்கு லீவு முடிந்துவிட்டது. "மாமா, காலைல ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. நீங்கதான் பண்ணணும்" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. மகள் வயசுக்கு வந்ததிலிருந்து அவள் அறைக்குள் கூட நான் கதவைத் தட்டாமல் போனதில்லை. நான் போய் இதைச் சுமக்கிறதா? சரஸ்வதிக்குப் போன் போட்டுக் கிசுகிசுத்தேன். "ஆயிரம் லிட்டரு பாலு ஏத்தி அனுப்புனீங்கல்ல? இந்த ஒரு டப்பாவத் தூக்குனாத் தேஞ்சு போயிருவீங்களா?" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் நித்யா கதவிடுக்கு வழியாக ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினாள். அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இருபது எம்.எல். இருக்கும். டானிக் பாட்டில் மூடியில் ஊற்றினால் இரண்டு மூடி. கையால் பீய்ச்சுகிற ஒரு சின்னப் பம்பை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் போராடி எடுத்தது அது. பெயர், தேதி, நேரம் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தாள். ஐஸ் வில்லைகள் அடுக்கிய பெட்டிக்குள் அதை வைத்து மூடினேன்.

வீட்டுக்கார அம்மா மஞ்சுளம்மா கீழ்வீட்டில் இருக்கிறார். கன்னடக்காரர். முப்பது வருஷமாகத் தமிழர்களைக் குடிவைத்து அவர் தமிழும் பேசுவார். ஒரு பச்சைக்கீரைக் கூட்டைக் கொண்டுவந்து வைத்தார். "சப்பசிகே சொப்பு, அண்ணா. பாணந்தி இதைத் தின்னா சென்னாகி ஹாலு வரும்" என்றார். பிள்ளை பெற்றவளைத்தான் அங்கே பாணந்தி என்கிறார்கள், பாலை ஹாலு. மோந்து பார்த்தேன். சோம்பும் கஷாயமும் கலந்த வாசனை. நம் ஊரில் சதகுப்பை என்று நாட்டுமருந்துக் கடையில் விற்கிறார்களே, அதனுடைய கீரை. சரஸ்வதி போனில் பூண்டு, கருவாடு என்று பட்டியல் போட்டாள். நித்யா இரண்டு பேர் சொன்னதையும் மறுபேச்சுப் பேசாமல் விழுங்கினாள். பால் ஊறினால் போதும் என்கிற ஒரே நினைப்பில் இருந்தாள் பாவம்.

இரண்டாம் நாள் காலையில் மெட்ரோவில் மாட்டிக்கொண்டேன். பெட்டியை எந்திரத்துக்குள் விட்டதும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கையைக் காட்டி நிறுத்தினார். காக்கி உடை போட்ட ஒரு பெண் வந்து, உள்ளே என்ன என்று கன்னடத்தில் கேட்டார். "ஹாலு" என்றேன். மஞ்சுளம்மா புண்ணியத்தில் கற்றுக்கொண்ட ஒரே வார்த்தை. திறக்கச் சொன்னார். ஐஸுக்கு நடுவில் விரல் நீளத்துக்கு இரண்டு டப்பா. பால்காரன் எவனாவது இத்துனூண்டு பால் கொண்டுபோவானா? எனக்குப் பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். எனக்குக் காது சிவந்துவிட்டது. "மகளு... ஆஸ்பத்திரி... பாப்பா" என்று உளறினேன்.

அந்தப் பெண் டப்பாவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார். முகம் அப்படியே மாறிவிட்டது. மூடியைத் தானே அழுத்தி மூடினார். வரிசையில் நின்றவர்களை ஒதுங்கச் சொல்லி என்னை முன்னால் விட்டார். குழந்தை எத்தனை கிலோ என்று கேட்டதைப் பக்கத்தில் இருந்தவர் எனக்குத் தமிழில் சொன்னார். சொன்னேன். "என் பெரியவனும் அப்படித்தான் பிறந்தான். இப்போது சைக்கிள் ஓட்டுகிறான். போங்க, சீக்கிரம் போங்க" என்று அவர் கன்னடத்தில் சொன்னதும் தமிழாகி என் காதுக்கு வந்தது. அதற்கப்புறம் அந்த ஸ்டேஷனில் என்னை யாரும் நிறுத்தவில்லை. பெட்டியைப் பார்த்தாலே கையசைத்து விட்டுவிடுவார்கள்.

ஆஸ்பத்திரியில் பாலை வாங்கிக்கொள்கிறவர் ஜெசிந்தா. தாய்மார்களுக்குப் பால் கொடுக்கப் பழக்கிவிடுவதுதான் அவர் வேலை. நாற்பது வயசு இருக்கும். கோலார் தங்கவயல்காரர். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். தினமும் விடிகாலை ரயிலைப் பிடித்து வந்து சாயங்கால ரயிலில் திரும்புகிறார். பேச்சு வட ஆற்காட்டுப் பேச்சு. "இன்னா அங்கிள், புதுசா வரீங்க? நித்யாவோட அப்பாவா? குடுங்க" என்று பெட்டியை வாங்கி முதலில் ஐஸைத் தொட்டுப் பார்த்தார். எங்கள் குளிரூட்டும் நிலையத்து ஆள் வண்டி வந்ததும் செய்கிற காரியம் அது. சபாஷ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கூடத்தின் சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். எப்படிப் பிடித்துக் கொடுப்பது, எப்படிப் பீய்ச்சுவது, எவ்வளவு நேரம் வைக்கலாம் எல்லாம் படம் போட்டு, கன்னடம், தமிழ், உருது, இந்தி என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பவுடர் பால் டப்பாவின் படம் ஒன்று கூடக் கிடையாது. மாட்டக் கூடாது, அது சட்டம் என்றார் ஜெசிந்தா. ஒரு பெரிய அறை முழுக்கப் பால் கொடுக்கிறவர்களுக்கும் பால் எடுக்கிறவர்களுக்கும். வாசலில் ஆண்களுக்கு அனுமதி இல்லை என்று பலகை. கதவு திறந்து மூடுகிறபோதெல்லாம் உள்ளே பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்கும். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலும் பாலூட்டும் அறை உண்டு. பூட்டுப் போட்டுத் தொங்கும். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் டைம் கீப்பர் வானத்தைப் பார்ப்பார்.

அன்றைக்கு ஜெசிந்தா ஒன்று சொன்னார். பிறந்த முதல் இரண்டு நாள் நித்யாவுக்கு மஞ்சளாக ஊறிய சொட்டுகளைப் பஞ்சில் தொட்டுக் குழந்தையின் கன்னத்துக்குள் தடவினார்களாம். அதுதான் அந்தப் பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்தாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கன்று போட்ட மாட்டின் சீம்பாலைச் சங்கத்துக்குக் கொண்டுவந்தால் கேனோடு திருப்பி அனுப்புவேன். காய்ச்சினால் திரிந்துவிடும், மொத்தப் பாலையும் கெடுத்துவிடும். சங்கம் கழிக்கிற பாலை இங்கே பஞ்சில் தொட்டுத் தொட்டுச் சேமித்திருக்கிறார்கள்.

மூன்றாம் நாள் இன்னொன்றைப் பார்த்தேன். கூடத்தின் கோடியில் கண்ணாடி போட்ட ஒரு அறை. உள்ளே ஒரு தொட்டியில் வெந்நீர் சுழன்றுகொண்டிருந்தது. அதற்குள் சின்னச் சின்ன எஃகுக் குடுவைகள். தாய்ப்பால் வங்கி என்றார்கள். அதிகம் ஊறுகிற தாய்மார்கள் தானமாகக் கொடுக்கிற பால், பால் இல்லாத தாய்மார்களின் குழந்தைகளுக்குப் போகிறது. சுவரில் தொங்கிய அட்டையில் இருந்த எண் எனக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. அறுபத்திரண்டரை டிகிரி, முப்பது நிமிஷம், உடனே குளிர வைக்க வேண்டும். "அட, எங்க பாஸ்சரைசேஷன்!" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். கொடுக்கிற தாய்க்கு ரத்தப் பரிசோதனை, பாலுக்குக் கிருமிப் பரிசோதனை, அப்புறம் உறைபெட்டி. எங்கள் பால் பண்ணையில் ஒரு மாளிகை அளவுக்கு நடக்கிற வேலையை ஒரு சமையலறை அளவு இடத்தில், கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி சுத்தமாகச் செய்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பால் என்றால் நான் கும்பிடுகிறவன்.

அந்தக் கலக்கத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க பாப்பாவுக்கும் இதுல இருந்து குடுக்கறீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"அவங்க அம்மா பால் போதாத நேரத்துக்குக் குடுக்குறோம். முதல் மூணு நாள் குடுத்தோம். உங்க மருமகன் கையெழுத்துப் போட்டாரே."

"யாரோட பாலு? இல்ல... எந்தக் குடும்பம், என்ன ஆளுங்கன்னு..." என்று இழுத்தேன்.

ஜெசிந்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அங்கிள், நீங்க பால் சொசைட்டில இருந்தேன்னு சொன்னீங்க இல்ல? ஊர்ல எல்லார் ஊட்டு மாட்டுப் பாலும் ஒரே டேங்க்லதான ஊத்துனீங்க? எது எந்தத் தெருப் பாலுன்னு பிரிச்சா வெச்சீங்க?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. நாலு தெருக்காரர்களும் வரிசையில் நின்று என் முன்னால்தான் ஊற்றினார்கள். ஒரே தொட்டி. அந்தப் பாலில்தான் நான் காபி குடித்தேன், என் மகள் வளர்ந்தாள். "தப்புத்தானுங்க" என்றேன். "சரி, வுடுங்க. கேக்குறவங்க நெறைய பேர் கீறாங்க. பேர் மட்டும் யாருக்கும் சொல்ல மாட்டோம். குடுத்தவங்களுக்கும் தெரியாது, குடிச்சவங்களுக்கும் தெரியாது" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். முகம் தெரியாத எந்தப் பெண்ணோ தன் பிள்ளைக்குப் போக மிச்சத்தை எடுத்து, காசும் வாங்காமல் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதைக் குடித்து என் பேத்தி மூன்று நாள் உயிரோடு இருந்திருக்கிறாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மெட்ரோவில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்களை ஒரு மரியாதையோடு பார்த்துக்கொண்டு போனேன்.

அன்று சாயங்காலம் நித்யாவிடம் பெருமை தாங்கவில்லை எனக்கு. கூச்சமெல்லாம் போய்விட்டது. "நம்ம சொசைட்டி மாதிரியேதான் கண்ணு. அதே டிகிரி, அதே நேரம். எல்லாம் எனக்குத் தெரிஞ்ச வேலைதான்" என்று அளந்தேன். அவளும் சிரித்தாள். அன்று ஒரு தடவைக்கு முப்பத்தைந்து எம்.எல். வந்திருந்தது. "கூடிட்டே வருதுங்கப்பா" என்றாள். ஆபரேஷனுக்கு அப்புறம் அவள் முகத்தில் நான் பார்த்த முதல் வெளிச்சம் அது.

நாலாம் நாள் சாயங்காலம் மழை. மெஜஸ்டிக் ஸ்டேஷனில் மெட்ரோவை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன். டிரைவர் பெங்களூரிலேயே, மர்பி டவுன் பகுதியில் குடியிருக்கிற தமிழர். "இந்த ஊர்ல மழை பெஞ்சா கடவுளே வந்தாலும் டிராஃபிக்தான் சார்" என்று சொல்லிக்கொண்டே ஒரு சுரங்கப்பாதை வாயில் நிறுத்திவிட்டார். முன்னால் தண்ணீரில் ஒரு பஸ் பாதி முழுகி நிற்கிறது. பின்னால் நகர முடியாமல் நூறு வண்டி. ஒரு மணி நேரம் அப்படியே கிடந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். இரவுக்கு வேண்டியது கைவசம் இருக்கிறது, காலையில் கொண்டுவாருங்கள் என்றார்கள். அந்த ஆட்டோக்காரர் என் பெட்டியில் இருப்பது என்ன என்று தெரிந்ததும் தன் மழைக்கோட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்திவிட்டார். பாலைத் திருப்பிக் கொண்டுவந்து ஃபிரிட்ஜில் வைத்தேன். ஐஸ் வில்லைகள் கரையாமல் அப்படியேதான் இருந்தன.

ஐந்தாம் நாள் காலையில்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

நித்யா காய்ச்சலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பிரபு வேலைக்குப் போய்விட்டார். பெட்டியை அடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். நேற்றைய மூன்று டப்பாக்களையும் பார்த்ததும் பகீரென்றது. மேலே மஞ்சளாக ஒரு ஏடு. கீழே நீலம் பாய்ந்த தண்ணீர். இத்தனை நாள் எடுத்த கையோடு கொண்டுபோனதால் இப்படிப் பிரிந்து நான் பார்த்ததில்லை. ஒரு மூடியைத் திறந்தேன். கை பழகிய பழக்கம், மூக்கு தானாகப் போனது. சோப்பு வாசனை. அடுத்ததும் அதே. முப்பத்தாறு வருஷத்து மூக்கு சொல்லிவிட்டது, பால் கெட்டுப்போய்விட்டது என்று. ஒரு கிலோ முன்னூறு கிராம் பிள்ளையின் வயிற்றுக்குள் இதையா விடுவது? ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. மூன்றையும் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டேன். பெரிய ஆபத்திலிருந்து பேத்தியைக் காப்பாற்றிவிட்ட நினைப்பு வேறு எனக்கு.

திரும்பினால் நித்யா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அப்பா, என்னப்பா பண்ணீட்டீங்க?"

"கெட்டுப் போச்சு கண்ணு. திரிஞ்சு..."

அவள் காலியான மூன்று டப்பாவையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஜுரத்தோடு, தையல் வலியோடு, நாள் முழுக்க மூன்று தடவை உட்கார்ந்து எடுத்தது. "என் பாலு கெட்ட பாலா?" என்று கேட்டாள். நான் குழாயை மூடினேன். "பரவால்லீங்கப்பா. பவுடர் பாலே குடுத்துரச் சொல்லுங்க. என்னால இனி முடியாது." பம்பைத் துடைத்து அதன் அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடினாள். போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வெறும் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜெசிந்தாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஐஸ் கரைஞ்சிருந்துச்சா?"

"இல்லீங்க. கட்டியாவே இருந்துச்சு."

"அப்போ அது நல்ல பால் அங்கிள்." தலையில் கை வைத்துக்கொண்டார். "தாய்ப்பால் வெச்சா ஏடு மேல வரும், தண்ணி கீழ நிக்கும். லேசாச் சுத்துனாக் கலந்துடும். சோப்பு வாசனை சில பேர் பாலுக்கு அடிக்கும், அதனால ஒண்ணும் ஆவாது. ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கக் கூடாதா?"

ஜெசிந்தா குரலைத் தாழ்த்திச் சொன்னார். இன்றைக்கு வங்கிப் பாலைக் கொடுப்போம். நாளைக்கும் கொடுக்கலாம். இதைவிடச் சின்னக் குழந்தைகள் இரண்டு நேற்று வந்திருக்கின்றன, அதற்குமேல் உறுதி சொல்ல முடியாது. நித்யா எடுக்காமல் விட்டால் மார்பு அதைப் புரிந்துகொண்டு ஊறுவதை நிறுத்திக்கொள்ளும். அப்புறம் திருப்பிக் கொண்டுவருவது பெரும்பாடு. "இன்னிக்கு ஒரு நாள்தான் நமக்கு இருக்குது அங்கிள்."

"நான் என்ன பண்ணட்டுங்க? கால்ல வேணும்னாலும் விழறேன்."

"சட்டையைக் கழட்டுங்க" என்றார்.

புரியாமல் விழித்தேன். கங்காரு முறை என்றார். குழந்தையை வெறும் நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டி வைத்துக்கொள்வதாம். அம்மாதான் செய்ய வேண்டும். அம்மா வர முடியாவிட்டால் அப்பா, அத்தை, எங்கள் ஊரில் அப்பிச்சி என்கிற அம்மாவழித் தாத்தா, யார் வேண்டுமானாலும் செய்யலாம். இந்தக் குழந்தைக்கு இன்னும் யாரும் செய்யவில்லை, நேற்றுத்தான் டாக்டர் சரி சொன்னார் என்றார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்கள். நெஞ்சைத் துடைக்கச் சொன்னார்கள். முன்பக்கம் திறந்த ஒரு அங்கியை மாட்டிவிட்டு, சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

குழாயோடு, ஒரு சின்னக் குல்லாவோடு அவளைக் கொண்டுவந்து என் நெஞ்சில் வைத்துத் துணியால் கட்டினார்கள். கண்ணாடி வழியாகத்தான் அதுவரை பார்த்திருந்தேன். ஒரு கனமும் இல்லை. ஆனால் சூடு இருந்தது. என் நரைத்த ரோமத்துக்குள் அவள் மூச்சு போய்ப் போய் வந்தது. அய்யோ, என்ன சொல்வேன்! அறுபத்து நாலு வயசில் நான் அதுவரை எதையும் பார்த்ததே இல்லை என்று தோன்றியது.

கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள். அப்புறம் தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். வாயைத் திறந்தாள். உதட்டால் என் தோலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி தலையைத் தூக்கப் பார்த்து முடியாமல் விழுந்து, மறுபடி தேடினாள். இந்த உலகத்துக்கு வந்து பன்னிரண்டே நாள். ஒரு தடவை கூடத் தாயிடம் வாய் வைத்ததில்லை. எங்கே தேட வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னது?

"இங்க ஒண்ணுமில்ல சாமி. அப்பிச்சிகிட்ட ஒண்ணுமில்ல" என்றேன்.

ஜெசிந்தா என் போனை எடுத்து நித்யாவுக்கு வீடியோ கால் போட்டார். நெடுநேரம் மணி அடித்தது. எடுத்தாள். வீங்கிய கண்கள். ஜெசிந்தா போனை என் நெஞ்சுக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"கண்ணு, நான் தப்புப் பண்ணீட்டேன்" என்றேன். மகளிடம் நான் கேட்ட முதல் மன்னிப்பு அது. "உன் பாலு நல்ல பாலு. எனக்குத்தான் ஒரு எழவும் தெரியல. மாட்டுப் பால் பார்த்த கண்ணு இது."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை வாயைத் திறந்து மறுபடி தலையைத் திருப்பியது.

"அப்பா... தேடுதாப்பா?"

"தேடுது கண்ணு. ரொம்ப நேரமாத் தேடுது."

நித்யா ஒரு கையால் தன் நெஞ்சை அழுத்திக்கொண்டாள். அவள் போட்டிருந்த நைட்டியின் முன்பக்கம் நனைந்து பரவுவது திரையில் தெரிந்தது. நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். "போனை வெச்சுருங்க" என்றாள். திரை அணைந்தது.

கோபம் தீரவில்லை என்றுதான் நினைத்தேன். ஜெசிந்தா தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த தாயைப் பார்க்கப் போனார். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு இளைஞர் தன் குழந்தையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனேக்கல்லில் இருந்து பஸ்ஸில் வருகிறாராம். பத்து நாளாக வருகிறாராம். "மொதல்ல அழுகை வரும் சார். அப்புறம் பழகிடும்" என்றார். இரண்டு ஆண்பிள்ளைகள் சட்டையில்லாமல் ஆளுக்கொரு பிள்ளையைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் ஊசிக்குழலில் வங்கிப் பாலைக் கொண்டுவந்து, குழாயின் வாயில் மாட்டி உயர்த்திப் பிடித்தார். முகம் தெரியாத அந்தப் பெண்ணின் பால் என் கண் முன்னாலேயே மெல்ல மெல்ல இறங்கியது. மனசுக்குள் அவளைக் கும்பிட்டேன்.

பேத்தி தேடுவதை விட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.

முக்கால் மணி நேரம் கழித்துப் போன் அதிர்ந்தது. ஒரு கையால் எடுத்துப் பார்த்தேன். நித்யா படம் அனுப்பியிருந்தாள். ஒரு டப்பா, கழுத்து வரை பால். பக்கத்தில் இன்னொரு டப்பா, அதில் பாதி. பெயர், தேதி, நேரம் எழுதி ஒட்டியிருந்தாள். கீழே ஒரே வரி.

"வந்து எடுத்துட்டுப் போங்கப்பா."

உடனே எழுந்து ஓடியிருப்பேன். அசைய முடியவில்லை. அவள் மகள் என் நெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாள்.